பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்

முன்குறிப்பு: பதிவு கொஞ்சம் நீளம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடாதவர்களும் படிக்கலாம். காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரில் நல்ல மார்க் வாங்கியவர்களுக்குக் கூடுதலாக எரிச்சல் வரும், அதற்கு நான் பொறுப்பில்லை :-)

"கவசம்னா ஒரு நம்பர் மச்சி. நம்பர் ஏறுச்சா, அவ்ளோதான். எப்படி ஏறுச்சுன்னு யாருக்கு வேணும்?"

இப்படிப் பேசுகிற ஒரு கோஷ்டி எங்கள் வகுப்பிலும் இருக்கிறது, விளையாட்டுக்குள்ளும் இருக்கிறது. இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் கணக்குப்பிள்ளைகள். (நானும் பி.காம்.தான். கணக்கு எழுதுவதில் எனக்கு ஒரு விரோதமும் கிடையாது. தப்பான பேரேட்டில் எழுதினால்தான் கோபம் வரும்.) பழைய கவசத்தைத் திருப்பிக் கொடுத்து, ஊர் ஊராக அலைந்து, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு பேய்களுக்கு வேலை பார்த்து, அதே கவசத்தைக் கொஞ்சம் நல்லதாக வாங்கி வருகிற க்வெஸ்ட் தொடர்களை இவர்கள் நக்கலடிக்கிறார்கள். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்குகிற வேலையாம். அலைச்சலுக்கு விலை போட்டால் நஷ்டமாம். ஒரு கவுண்டர் வைத்து, "இத்தனை கல் கொடு, கவசத்தை இத்தனை புள்ளி ஏற்றித் தருகிறேன்" என்று சொன்னால் போதுமாம்.

இதற்குப் பதில் எழுதாமல் தூக்கம் வரவில்லை.

முதலில் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. வார்கிராஃப்ட் 2004 நவம்பரில் வந்தது. அன்றைக்கு உச்சநிலை 60. அறுபதைத் தொட்டவர்கள் ஐந்து பேர் குழுவாக டஞ்சன்களுக்குப் போய் கவசம் சேர்ப்பார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் எட்டுத் துண்டு கொண்ட ஒரு செட் உண்டு. நான் ஆடுவது ரோக், அதாவது பின்னால் போய்க் கத்தியால் குத்துகிற ஜாதி. என் செட்டுக்குப் பெயர் ஷேடோகிராஃப்ட். கால்கவசம் ஸ்ட்ராத்தோல்ம் நகரத்தில் பேரன் ரிவெண்டேரிடம் இருக்கிறது, தலைக்கவசம் ஸ்கோலோமான்ஸில் கேண்ட்லிங்கிடம், மார்புக்கவசம் பிளாக்ராக் ஸ்பையரின் மேல்பகுதியில் டிராக்கிசாத்திடம். அவனை அடித்தால் விழலாம், விழாமலும் போகலாம். விழுந்தாலும் உங்கள் வகுப்புக்கு விழ வேண்டும்.

எட்டும் சேர்ந்த பிறகு என்ன? 2006 வரைக்கும் பதில்: நாற்பது பேரைச் சேர். மோல்ட்டன் கோர் என்ற எரிமலைக் குகைக்குப் போவதற்கு நாற்பது பேர். மாலை ஏழு மணிக்கு நாற்பது பேரும் ஒரே நேரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். எங்கள் காலேஜில் ஒரு ஐ.வி.க்கு முப்பது பேரைப் பஸ்ஸில் ஏற்றுவதற்கே ஒரு மாதம் ஆகிறது. கில்டு கிடைக்காதவனுக்குக் கதை அங்கேயே முடிந்துவிடும்.

2006 மார்ச் 28-ஆம் தேதி 1.10 பேட்ச் வந்தது. மழை, பனி எல்லாம் பெய்ய ஆரம்பித்தது அந்தப் பேட்சில்தான். அதோடு இன்னொரு கதவும் திறந்தது. நீ சேர்த்த அந்தப் பழைய எட்டுத் துண்டையும் ஒவ்வொரு கட்டமாகத் திருப்பிக் கொடு, அதற்குரிய க்வெஸ்டை முடி, அதைவிட நல்ல துண்டை வாங்கிக்கொள். ஷேடோகிராஃப்ட் டார்க்மேன்டில் ஆகும். போர்வீரனின் வேலர் செட் ஹீரோயிசம் ஆகும். மேஜின் மாஜிஸ்டர்ஸ் செட் ஸார்சரர்ஸ் ஆகும். நாற்பது பேர் தேவையில்லை. பெரும்பகுதி ஐந்து பேர் வேலை. ஆடுகிறவர்கள் இதற்கு வைத்த பட்டப்பெயர் 'டியர் பாயிண்ட் ஃபைவ்'. ஒன்றாம் வகுப்புக்குக் கீழே, எல்.கே.ஜி.க்கு மேலே :-)

தொடர் எப்படிப் போகிறது என்று பார்த்தால்தான் என் வாதம் புரியும்.

அலையன்ஸ்காரனுக்கு அயர்ன்ஃபோர்ஜில் டெலியானா என்ற பெண்மணியிடம் ஆரம்பம். ஹோர்டுக்காரனுக்கு ஆர்கிரிமாரில் மோக்வார். டெலியானா கேட்பது பழைய கைக்காப்பு, விண்டர்ஸ்ப்ரிங் பனிக்காட்டு மிருகங்களிடமிருந்து 15 ரத்த மாதிரி, 20 தங்கம். கொடுத்தால் புதுக் கைக்காப்பு. இதுவரை சாதாரண எக்ஸ்சேஞ்ச் மேளா. பழைய மிக்ஸியைக் கொடுத்துப் புது மிக்ஸி வாங்குவது போலத்தான்.

அடுத்தது டனாரிஸ் பாலைவனம். அங்கே மக்ஸ் மனாஸ்க்ராம்ப்ளர் என்று ஒரு கருவி செய்கிறவன். பேய்களின் சாரத்தைப் பிடிக்கிற ஒரு கருவி வேண்டும் என்றால் பொருள்களை நீயே கொண்டு வா என்பான். ஒன்று இன்ஜினியரிங் தெரிந்தவன் செய்வது, ஒன்று என்சாண்டிங் தெரிந்தவனிடம் கிடைப்பது, ஒன்று ஆல்கெமிக்காரன் காய்ச்சுவது. இங்கே கவனியுங்கள். இந்த விளையாட்டில் ஒரு ஆளுக்கு இரண்டு முதன்மைத் தொழில்தான் அனுமதி. ஆகவே மூன்றையும் ஒருவனே செய்துகொள்ள முடியவே முடியாது. யாரிடமாவது கேட்க வேண்டும், அல்லது ஏலக்கடையில் யாரோ ஒருவர் விற்க வைத்திருக்க வேண்டும். ஆடம் ஸ்மித் குண்டூசித் தொழிற்சாலையைப் பற்றி எழுதியதை முதல் செமஸ்டரில் உருப்போட்டவர்களுக்கு இது புரியும் என்று நம்புகிறேன்.

பிறகு அந்தியன். ஸ்ட்ராத்தோல்ம் வாசல் பக்கம் அலைகிற ஒரு செத்துப்போன மனுஷன். அவன் மனைவி இசிடா, நகரத்துக்குள்ளே பேரன் ரிவெண்டேரின் பிடியில். மீட்டுக் கொடு என்கிறான். இதுதான் பிரபலமான '45 நிமிட ஓட்டம்'.

சொல்லிக்கொள்ள எளிது. நகரத்துக்குள் நுழைந்ததும் ரிவெண்டேர் கர்ஜிப்பான், கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். மூன்று கோபுரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல் பாஸ்: அனஸ்டாரி, நெருபென்கன், மலேகி. அவர்களை வீழ்த்தி, கோபுரத்துக்குள்ளே இருக்கிற மந்திரவாதிகளையும் கொன்றால்தான் நடுக்கதவு திறக்கும். திறந்தால் பிணங்களை ஒட்டுப்போட்டுத் தைத்தது மாதிரி ஒரு ராட்சசக் கூட்டம். அது முடிந்தால் ராம்ஸ்டெய்ன். அது முடிந்தால் எலும்புக்கூட்டுப் பட்டாளம். அதற்கும் பிறகு ரிவெண்டேர். நடுவில் "இன்னும் பத்து நிமிடம்", "இன்னும் ஐந்து நிமிடம்" என்று அவனே கத்துவான். 45 நிமிடத்தில் அவன் விழவில்லையென்றால் இசிடா கதை முடிந்தது. மறுபடியும் முதலிலிருந்து.

நான் கிளாசிக் எரா சர்வரில் இதை மூன்று தடவை ஓடினேன். முதல் தடவை ராம்ஸ்டெய்னிடம் நிற்கும்போது ஹாஸ்டல் வைஃபை உயிரை விட்டது. (வார்டனிடம் புகார் சொல்லலாம் என்றால் என்னவென்று சொல்வது? "சார், ஒரு அம்மாவைக் காப்பாத்த முடியல"ன்னா?) இரண்டாவது தடவை எங்கள் டேங்க் ஒரு மூலையில் தேவையில்லாத கும்பலை இழுத்துவிட்டார், ஐந்து பேரும் காலி. மூன்றாவது தடவை இரண்டு நிமிடம் மிச்சம் வைத்து முடித்தோம்.

இந்த மூன்று தடவையும் ஹீலராக வந்தது ஒரே ஆள். அவரிடம் எட்டுத் துண்டும் ஏற்கெனவே இருந்தது. அந்த ஓட்டத்தில் அவருக்குக் கிடைக்கப் போவது ஒன்றுமே இல்லை. மூன்றாவது தடவை கூப்பிட எனக்கே கூச்சமாக இருந்தது. "நாளைக்கு எனக்கு வேலை இருக்கு, சீக்கிரம் ஆரம்பிங்க" என்று மட்டும் தட்டினார். எந்த நாட்டுக்காரர் என்றுகூட இன்றுவரை தெரியாது.

இப்போது கணக்குப்பிள்ளைகளே, பேரேட்டைத் திறங்கள்.

உங்கள் பேரேட்டில் இந்த மனிதர் எங்கே வருவார்? மூன்று இரவு, இரண்டு மணி நேரத்துக்கு மேல். வரவு பூஜ்யம். உங்கள் கணக்குப்படி அவர் ஒரு முட்டாள். ஆனால் அவர் மாதிரி ஆட்கள் இல்லையென்றால் எந்த சர்வரிலும் ஒருவனாவது டார்க்மேன்டில் போட்டிருக்க முடியாது. நம் பாடத்திலேயே இதற்கு ஒரு இடம் இருக்கிறது. கணக்கியல் தரம் 26, புலனாகாச் சொத்துக்கள். காசு கொடுத்து வாங்கின குட்வில்லைப் புத்தகத்தில் எழுதலாம். ஒரு வியாபாரி தானாகச் சம்பாதித்த குட்வில்லைச் சொத்து என்று எழுதக் கூடாது. அளக்க முடியாது, அதனால் எழுதாதே என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் எழுதவில்லை என்பதற்காக அது இல்லை என்று எந்த ஆடிட்டரும் சொல்ல மாட்டார். தெருமுனை மளிகைக் கடைக்காரர் அண்ணாச்சிக்கு இருக்கிற பெயரை அவர் பேலன்ஸ் ஷீட்டில் தேடினால் கிடைக்காது. கடையை வேறு ஆள் வாங்கி நடத்திப் பார்த்தால் தெரியும்.

டியர் பாயிண்ட் ஃபைவ் தொடர் முழுக்க அந்த எழுதப்படாத சொத்தின் மேல்தான் நிற்கிறது. இதுதான் நான் சொல்ல வந்தது. இந்த மாதிரிக் க்வெஸ்டில் கவசத்தோடு சேர்ந்து ஒரு கடன் வருகிறது. நாலு பேர் உனக்காக வந்தார்கள், ஆகவே நீயும் யாருக்காவது போகணும். என் கையுறைகளைப் பார்த்தால் அந்த ஹீலர் ஞாபகம் வருகிறது, போன மாதம் முன்பின் தெரியாத ஒரு மேஜ் பையன் கூப்பிட்டபோது இன்டர்னல் டெஸ்ட்டுக்கு முந்தின நாள் என்றும் பாராமல் போய் நின்றேன். ரோக்குகளுக்குப் பொதுவாகக் குழுவில் மரியாதை கிடையாது. ஸ்ட்ராத்தோல்ம் பின்வாசல் பூட்டைத் திறக்கலாம் என்பதற்காகச் சேர்த்துக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள் :-)

சரி, கவுண்டர் முறைக்கு வருவோம்.

வார்கிராஃப்டின் புதிய பதிப்புகளில் கவச மேம்பாடு எப்படி ஆனது தெரியுமா? 2023 மே மாதம் 10.1 பேட்சில் ஃப்ளைட்ஸ்டோன் என்று ஒரு கல், கூடவே க்ரெஸ்ட் என்று ஒரு முத்திரை. 2024-இல் வார் விதின் வந்தபோது கல்லின் பெயர் வேலர்ஸ்டோன். பெயர்தான் மாறியது. அந்தப் பதிப்புகளில் ஒவ்வொரு துண்டிலும் 'வெட்டரன் 4/8', 'சாம்பியன் 3/8' என்று எழுதியிருந்தது. கல்லையும் முத்திரையையும் கொண்டுபோய்க் கொடுத்தால் மூன்று நாலானது, நாலு ஐந்தானது. முத்திரைக்கு வாரத்துக்கு இத்தனைதான் என்று வரம்பு. தொப்பி அதே தொப்பி. நம்பர் மட்டும் ஏறியிருக்கும்.

இதற்கு அரசு அலுவலகத்தில் ஒரு பெயர் உண்டு. இன்கிரிமென்ட்.

இன்கிரிமென்ட் தப்பு என்று சொல்லவில்லை. என் அப்பா வருஷா வருஷம் அதற்காகத்தான் காத்திருக்கிறார். ஆனால் சாயங்காலம் ஆபீஸ் முடித்து வந்த ஆளுக்கு விளையாட்டு என்ற பெயரில் இன்னொரு ஆபீஸா? அதிலும் பணம் கட்டிவிட்டு? அமெரிக்காவில் மாதச் சந்தா 14.99 டாலர். ஆரம்பத்திலிருந்து அதே விலை. சம்பளம் வாங்கிக்கொண்டு ஆணி பிடுங்குவது ஒரு ரகம், சந்தா கட்டி ஆணி பிடுங்குவதற்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் பெயர் இல்லை.

சரி, அந்த இன்கிரிமென்டாவது நிஜமா? பணக்கூலிக்கும் உண்மைக்கூலிக்கும் உள்ள வித்தியாசத்தை நாம் பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதுகிறோம். கையில் வருகிற ரூபாய் ஏறும், கூடவே தக்காளி விலையும் ஏறும், கடைசியில் வாங்குகிற தக்காளி அதே அரைக் கிலோ. இங்கேயும் அப்படித்தான். உன் கவசம் பத்துப் புள்ளி ஏறினால் அடுத்த சீசனில் அரக்கனின் ரத்தமும் அதற்கேற்ப ஏறியிருக்கும். நீ அடிக்கிற அடி லட்சத்தைத் தொடும், அவன் சாக எடுத்துக்கொள்கிற நேரம் அதே நேரம். இந்தப் பணவீக்கம் எந்த அளவுக்குப் போனது என்றால், நம்பர்கள் திரையில் அடங்காமல் கம்பெனியே உட்கார்ந்து சைபர்களை வெட்ட வேண்டி வந்தது. 2014-இல் ஒரு தடவை வெட்டினார்கள். 2018-இல் மறுபடி. 2020-இல் கவச எண்ணோடு சேர்த்து 120 என்றிருந்த உச்சநிலையையே 60-க்கு இறக்கினார்கள். ஜிம்பாப்வே 2008-இல் தன் டாலரிலிருந்து பத்து சைபர் வெட்டியது, 2009-இல் இன்னும் பன்னிரண்டு வெட்டியது. அந்தக் கதையை வகுப்பில் கேட்டு "ஐயோ பாவம்" என்று சொன்ன அதே ஆட்கள்தான் 'சாம்பியன் 6/8' என்று எனக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார்கள். அவ்வ்வ்...

டார்க்மேன்டிலுக்கும் பணவீக்கம் வந்ததே என்று கேட்பீர்கள். வந்தது. ஒளிக்க ஒன்றுமில்லை. 2006 மார்ச்சில் தொடர் வந்தது, ஜூனில் நக்ஸ்ராமாஸ் வந்து உச்சக் கவசங்களின் உயரத்தையே மாற்றியது, 2007 ஜனவரி 16-ஆம் தேதி பர்னிங் க்ரூஸேட் வந்தபோது ஹெல்ஃபயர் தீபகற்பத்தில் காட்டுப்பன்றி அடிக்கிற க்வெஸ்டுக்குக் கொடுத்த பச்சைக் கவசமே போதும் என்றாகிவிட்டது. பத்து மாதத்தில் தேய்மானம் நூறு சதவீதம். 2010-இல் கேட்டக்ளிசத்தோடு தொடரையே எடுத்துவிட்டார்கள். பதினைந்து ரத்த மாதிரி கேட்க டெலியானாவுக்கு வேலையே இல்லாமல் போனது. பழைய உலகத்தைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்று 2019-இல் கிளாசிக் ஆரம்பித்து, 2020-இல் இந்தத் தொடரைத் திறந்தபோதுதான் என் வயசுக்காரர்களுக்கு இது கண்ணில் பட்டது.

ஆனால் தேய்ந்தது எது? நம்பர் தேய்ந்தது. இசிடாவை வெளியே கூட்டி வந்தது எந்தப் பேட்சில் தேயும்? 2006-இல் அதை ஓடினவர்கள் இன்றைக்கும் "45 நிமிட ஓட்டம்" என்று சொன்னால் எந்த நிமிடத்தில், யார் செத்தார், யார் காப்பாற்றினார் என்று சொல்கிறார்கள். இந்த மேம்பாட்டுக் கவுண்டருக்கு முன்னால் நின்ற ஒருவராவது, "அந்த 3/8-ஐ 4/8 ஆக்கின ராத்திரி இருக்கே..." என்று ஆரம்பித்து நீங்கள் கேட்டதுண்டா?

அடுத்த குற்றச்சாட்டு கொஞ்சம் கனமானது. அதை நக்கலாகத் தள்ள முடியாது. "வேலைக்குப் போகிறவன், குழந்தை இருப்பவன், நைட் ஷிஃப்ட் பார்ப்பவன், இவர்களுக்கெல்லாம் நாலு பேரைத் தேடி அலைய நேரம் ஏது? கவுண்டர் முறைதான் அவர்களுக்கு நியாயம். பத்து நிமிடம் கிடைத்தால் பத்து நிமிடத்துக்குரிய கல்."

என் அக்கா கணவர் நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர், இதே விளையாட்டை ஆடுகிறவர், இந்த வாதத்தை என் மூஞ்சிக்கு நேராக வைத்தவர். மாமாவுக்கு நான் சொன்ன பதிலையே இங்கேயும் எழுதுகிறேன். கல் சேர்க்கிற முறையில் ஒரு கடிகாரம் இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. சீசன் என்று பெயர். சில மாதத்தில் சீசன் முடியும், அடுத்த சீசனின் கீழ்ப்படியே போன சீசனின் மேல்படிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். 2020-இலிருந்து வாரா வாரம் திறக்கிற ஒரு பெட்டி வேறு, கிரேட் வால்ட். அந்த வாரம் நீங்கள் ஆடவில்லையென்றால் அந்த வாரப் பெட்டி போனது போனதுதான். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்றால் பெட்டி கேட்குமா? ஆக, நேரமில்லாதவனை விரட்டுகிறது எது? டியர் பாயிண்ட் ஃபைவில் கடிகாரம் ஒரே ஒரு இடத்தில்தான், அந்த நாற்பத்தைந்து நிமிடத்தில். மற்றபடி அந்தியனிடம் பாதிக் கதையில் நிறுத்திவிட்டு மூன்று மாதம் கழித்து வாருங்கள். பேய் அங்கேயே நிற்கும். செமஸ்டர் முடித்து வந்து பார்த்தபோது என்னுடைய அந்தியன் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தான்.

மாமா ஒத்துக்கொண்டாரா என்றால், இல்லை. "நாலு பேரு கிடைக்கணுமேடா" என்றார். அந்த நாலு பேர் கிடைக்காத சர்வரில் என் வாதம் நொண்டும். உண்மைதான். அதற்குக் காரணம் நாலு பேரைத் தேட வேண்டிய அவசியத்தையே விளையாட்டிலிருந்து எடுத்துவிட்டதுதான் என்று நான் நினைக்கிறேன், அவர் நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாம்பார் ஆறும்வரை பேசினோம்.

இந்தத் தொடரில் எனக்கு நிஜமாகவே பிடிக்காதது ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் ஜால்ரா ஆகிவிடும். திருப்பிக் கொடுக்க வேண்டிய பழைய துண்டு பகடையில் கிடைக்கிறது. கைக்காப்பையும் இடுப்புப்பட்டையையும் ஏலக்கடையில் வாங்கிவிடலாம். மார்புக்கவசம் அப்படி இல்லை. டிராக்கிசாத்தை இருபது தடவை அடித்தாலும் மேஜுக்கும் போர்வீரனுக்கும் விழுந்துகொண்டே இருக்கும். உழைப்புக்குக் கூலி நிச்சயம் என்று சொல்கிற ஒரு தொடருக்கு வாசலில் ஒரு லாட்டரிக் கடை. மார்ச் 2006-இல் அதையும் ஒரு க்வெஸ்டாக வைத்திருக்கலாம். ஏன் வைக்கவில்லை என்று கோபமாகவே இருக்கிறது.

அதற்காகக் காசு கொடுத்து வாங்கும் வழியைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாகிவிட்டது. கிளாசிக் சர்வர்களில் ஜி.டி.கே.பி. என்று ஒரு பழக்கம் வளர்ந்தது. ரெய்டில் விழுகிற கவசத்தை அங்கேயே ஏலம் விடுவார்கள், அதிக தங்கம் கொடுப்பவனுக்குக் கவசம், ஏலத்தொகையை வந்தவர்கள் பங்குபோட்டுக்கொள்வார்கள். கேட்க நியாயமாக இருக்கிறதா? எனக்கும் முதலில் நம் ஏலச்சீட்டு ஞாபகம் வந்தது. ஆனால் தங்கம் எங்கிருந்து வரும்? கள்ளச்சந்தையில் நிஜக் காசுக்குத் தங்கம் விற்கிறவனிடமிருந்து. கவசம் தங்கத்துக்கு, தங்கம் டாலருக்கு. கடைசியில் டாலர் இருக்கிறவனுக்குக் கவசம். 2024-இல் சீசன் ஆஃப் டிஸ்கவரியிலும், அதே வருஷம் திறந்த ஆண்டுவிழா சர்வர்களிலும் கம்பெனியே இதைத் தடை செய்தது. கணக்குப்பிள்ளைகள் "சந்தை தீர்மானிக்கட்டும்" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சந்தை தீர்மானித்துவிட்டது சாமி, அதனால்தான் பூட்டினார்கள்.

தொடரின் கடைசிக் கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தியன் தனக்காக மட்டும் அலையவில்லை. அவனும் அவன் கூட்டாளி போட்லியும் (இவனும் பேய்தான், பிளாக்ராக் மலையில் நிற்கிறான்) ஒரு காலத்தில் லார்ட் வல்தலக் என்பவனிடமிருந்து திருடியவர்கள். திருடின கும்பல் ஒவ்வொருவராகச் செத்தும் விடாமல் துரத்துகிறது அந்த ஆவி. அவனுடைய தாயத்து துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொரு டஞ்சனாகப் போய், ஒரு தூபக்கால் வைத்து அந்தந்த ஆவியை எழுப்பி, அடித்து, துண்டுகளைச் சேர்த்து, ஸ்பையரின் உச்சியில் வல்தலக்கையே எழுப்பி, வீழ்த்தி, தாயத்தை அவன் உடலிடமே திருப்பி வைக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள். எட்டுத் துண்டு சேர்க்கப் புறப்பட்டவன் கடைசியில் செய்வது, அடுத்தவன் திருடின பொருளை உரியவனிடம் ஒப்படைப்பது. அதற்கு அப்புறம்தான் மார்பும் தலையும் கைக்கு வரும். இதை எழுதின ஆளுக்குத் தான் என்ன செய்கிறோம் என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. 'சாம்பியன் 8/8' என்பதை எழுதினது எக்செல் ஷீட்.

என்னுடைய நிலவரம்: கைக்காப்பு, இடுப்புப்பட்டை, கையுறை, காலணி, கால், தோள் முடிந்தது. தலைக்குப் பழசு கைவசம் இருக்கிறது. மார்புதான் பாக்கி. டிராக்கிசாத்தை இதுவரை பதினேழு தடவை பார்த்தாகிவிட்டது, அவனுக்கே என்னை அடையாளம் தெரியும் என்று நினைக்கிறேன். செமஸ்டர் கடைசிப் பேப்பர் வெள்ளிக்கிழமை, கார்ப்பரேட் அக்கவுண்டிங். அன்றைக்கு ராத்திரி பத்து மணிக்கு ஸ்பையர் வாசலில் நிற்பேன். நாம் நாலு பேர் இருக்கிறோம், டேங்க் இல்லை. வேலர் கவசம் பாதி சேர்த்து வைத்துக்கொண்டு கூப்பிட ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கிற போர்வீரர் யாராவது இருந்தால் வாருங்கள். உங்கள் நாற்பத்தைந்து நிமிடத்துக்கு நான் வருகிறேன்.

டிஸ்கி: மாமாவும் வருகிறார். அவருக்கு அன்றைக்கு லீவு.